சுருக்கினால் படம் ஏன் பஞ்சாகிறது?

கேள்வி கேட்ட தம்பி ஆரியங்காவுக்காரர். சாரல் நேரத்தில் ஐந்தருவியில் ஒரு படம் எடுத்திருக்கிறார். 24 மெகாபிக்சல் கேமரா, 6000க்கு 4000 அளவு. கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது பாறையில் படிந்த பாசி வரைக்கும் துல்லியம். அதை ஃபோட்டோஷாப்பில் 1500க்கு 1000 ஆகக் குறைத்து வாட்ஸாப்பில் எல்லோருக்கும் அனுப்பினால் பாறை மங்கல், கைப்பிடிக் கம்பி மங்கல், மொத்தப் படமும் பஞ்சு. “லென்ஸ் கோளாறா, நான் செய்வது கோளாறா அண்ணே?” என்கிறார். கூடவே ஒரு வால் கேள்வி: தங்கையின் கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) விண்ணப்பத்துக்குப் போட்டோ தயார் செய்தால், அடியில் போட்ட பெயரும் தேதியும் படிக்க முடியாமல் கரைந்துபோகின்றனவாம்.

இரண்டுக்கும் ஒரே காரணம்தான் தம்பி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. 6000 பிக்சல் அகலம் 1500 ஆகிறது என்றால் நாலில் ஒரு பங்கு. உயரமும் அப்படியே. ஆக, பழைய படத்தில் 16 புள்ளிகள் இருந்த இடத்தில் புதிய படத்தில் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளி பதினாறு பேருக்கும் பொதுவாக ஒரு நிறத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லோரையும் சமாதானப்படுத்துகிறவன் பேச்சு எப்படி இருக்கும்? இழுத்த மாதிரியும் இருக்கும், விட்ட மாதிரியும் இருக்கும்.

ஒரு கம்பியை எடுத்துக்கொள்வோம். படத்தின் மேல் மூலையில் ஒரு மின்கம்பி குறுக்கே போகிறது, மூலப் படத்தில் அது ஒரு பிக்சல் தடிமன் என்று வையுங்கள். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. கம்பி 20, பின்னால் வானம் 220. சுருக்கும்போது நாலு வரிசை ஒரு வரிசை ஆகிறது. அதில் ஒன்று கம்பி, மூன்று வானம். சராசரி 170. முன்பு வானத்துக்கும் கம்பிக்கும் 200 வித்தியாசம் இருந்தது, இப்போது வெறும் 50. கறுப்புக் கம்பி வெளிறிய சாம்பல் கோடாகிவிட்டது. கண்ணிமை, மூக்குத்தி, பாசியின் நார், சேலையின் ஜரிகை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற இந்த வித்தியாசத்தைத்தான் நம் கண் கூர்மை என்று படிக்கிறது.

அதனால் பெரிய படத்தின் கூர்மையைச் சின்னப் படத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. சின்னப் படத்தில் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டும். ஷார்ப்பென் வேலை எப்போதும் கடைசி அளவில், கடைசி வேலையாக. செங்கோட்டையில் இத்தனை வருஷம் ஸ்டுடியோ நடத்தியதில், வேலைக்கு வந்த பையன்களுக்கு நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுதான். பாதிப் பேர் தலைகீழாகச் செய்வார்கள்: பெரிய படத்தில் நன்றாக ஷார்ப்பென் போட்டுவிட்டு அப்புறம் சுருக்குவார்கள். போட்டதெல்லாம் சராசரியில் கரைந்துவிடும். “போதவில்லையே” என்று மறுபடி பெரிய படத்திலேயே இன்னும் ஏற்றுவார்கள்.

நானும் அந்தப் பள்ளத்தில் விழுந்தவன்தான். டிஜிட்டலுக்கு மாறிய புதிதில் புனலூர் மாப்பிள்ளை, தென்காசிப் பெண், கல்யாணப் படம். சின்னதாக்கினால் பளிச்சென்று தெரியட்டும் என்று முழு அளவுப் படத்தில் தாராளமாக ஷார்ப்பென் ஏற்றி, அதையே மூலத்தின் மேல் சேமித்தும் விட்டேன். சில மாதம் கழித்து அவர்கள் அதே படத்தை 20க்கு 30 அங்குலத்தில் ஃபிரேம் போட்டுக் கேட்டார்கள். பிரிண்ட் வந்தால் மாப்பிள்ளை தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. காலண்டர் சாமி மாதிரி. பெண்வீட்டுத் தாத்தா உற்றுப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை அவதாரப் புருஷன்தான் போல” என்றார். நல்லவேளை, மெமரி கார்டின் நகல் ஒரு சிடியில் கிடந்தது. அன்றிலிருந்து மூலப் படத்தின் மேல் கை வைப்பதில்லை. கலர் சரி செய்த முழு அளவு ஃபைல் ஒன்று, தேவைக்குத் தகுந்த சுருக்கிய ஃபைல் வேறு, பெயரிலேயே அளவு.

அந்த வெள்ளை விளிம்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் ஷார்ப்பென் என்றால் என்ன என்பதும் புரிந்துவிடும். அன்ஷார்ப் மாஸ்க் என்று ஃபோட்டோஷாப்பில் இருக்கிறதே, பெயரே குழப்பும்: கூர்மையாக்குகிற கருவிக்குக் ‘கூர்மையில்லாத’ என்று பெயர். இது ஃபிலிம் காலத்து இருட்டறைச் சொல். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலான பாசிட்டிவ் ஒன்று எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிரிண்ட் போடுவார்கள். பெரிய பரப்புகளின் மாறுபாட்டை மங்கல் நகல் அடக்கிவிடும். விளிம்புகள் மட்டும் தூக்கலாகத் தெரியும். இன்றைய மென்பொருளும் அதே வேலையைத்தான் கணக்கில் செய்கிறது. மங்கலான நகல் ஒன்றை எடுக்கிறது, மூலத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பார்க்கிறது, அந்த வித்தியாசத்தை மூலத்தோடு கூட்டுகிறது. 40க்கும் 200க்கும் நடுவே ஒரு விளிம்பு இருந்தால், இருட்டுப் பக்கம் 25க்கு இறங்கும், வெளிச்சப் பக்கம் 215க்கு ஏறும். புதிதாக ஒரு நுணுக்கமும் வருவதில்லை. விளிம்பில் மை தடவுவது மாதிரி. தடவல் மெலிசாக இருந்தால் கூர்மை, தடித்தால் அவதாரம்.

அந்தத் தடிமன்தான் ரேடியஸ். அமவுண்ட் எவ்வளவு அழுத்தம் என்பது. த்ரெஷோல்டு, எவ்வளவு வித்தியாசத்துக்குக் கீழே இருந்தால் தொடாதே என்கிற எல்லை. திரைக்காக 1500 பிக்சலுக்குச் சுருக்கிய படத்தில் ரேடியஸ் 0.3 முதல் 0.5 வரை, அமவுண்ட் 100 பக்கம், த்ரெஷோல்டு 0 அல்லது 1 என்று தொடங்குவேன். முகம் பெரிதாக இருந்தால் அமவுண்டை 60க்கு இறக்கி, த்ரெஷோல்டை 3, 4 ஆக்குவேன். இல்லாவிட்டால் பருவும் மயிர்க்காலும் முதலில் எழுந்து நிற்கும். சின்னப் படத்தில் ரேடியஸ் 1 என்றாலே அதிகம். பெரிய பிரிண்டுக்கு அதே 1, ஒன்றரை சரியாக இருக்கும், ஏனென்றால் காகிதத்தில் ஒரு பிக்சல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. விளிம்பில் நிறம் பிதுங்கினால், ஷார்ப்பென்னைப் படத்தின் நகல் லேயர் (மேலடுக்கு) ஒன்றில் போட்டு, அந்த லேயரின் பிளெண்ட் மோடை லூமினாசிட்டி ஆக்குங்கள். வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் அசையாது.

உங்கள் அருவிப் படத்தில் இன்னொரு சங்கதி. ஓடுகிற தண்ணீருக்குக் கூர்மையே தேவையில்லை. ஷட்டர் மெதுவாக வைத்துத் தண்ணீரைப் பட்டுத்துணி மாதிரி எடுத்திருப்பீர்கள். அதன்மேல் ஷார்ப்பென் ஏறினால் உப்பு கொட்டிய மாதிரி ஆகிவிடும். லேயருக்கு ஒரு மாஸ்க் (வேண்டாத இடத்தை மறைக்கும் திரை) போட்டு, பாறை, கம்பி, ஆட்களின் தலை ஆகியவற்றுக்கு மட்டும் விடுங்கள். தண்ணீர் மென்மையாக இருப்பதாலேயே பாறை இன்னும் கூர்மையாகத் தெரியும். லைட்ரூமில் செய்கிறீர்கள் என்றால் ஷார்ப்பனிங்கில் மாஸ்கிங் என்றொரு ஸ்லைடர் உண்டு, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே இழுத்தால் எங்கெல்லாம் வேலை நடக்கிறது என்று கறுப்பு வெள்ளையில் காட்டும். ஏற்றுமதி செய்யும்போது ‘ஸ்கிரீன்’ என்று கேட்டுச் சுருக்கிய பிறகு ஷார்ப்பென் போடுகிற வசதியும் அங்கேயே இருக்கிறது. எனக்கு அது ‘ஸ்டாண்டர்டு’ அளவிலேயே போதும்.

சுருக்கும் முறை பற்றி. ஃபோட்டோஷாப்பின் இமேஜ் சைஸ் பெட்டியில் ரீசாம்பிள் என்ற இடத்தில் ஏழெட்டு வழிகள் வரிசையாக இருக்கும். ‘நியரஸ்ட் நெய்பர்’ மட்டும் போட்டோவுக்கு வேண்டாம். மற்றவை பதினாறு பேரையும் விசாரித்து முடிவு சொல்லும்; இது ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்தி, மற்ற பதினைந்து பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும். அதனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர் ஓட்டு வீட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓட்டு வரிசை மூலப் படத்தில் 3 பிக்சலுக்கு ஒரு கோடு என்று வருகிறது, நீங்கள் 4 பிக்சலுக்கு ஒன்றை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள்: கோடுகள் பழைய கணக்கில் 12 பிக்சலுக்கு ஒன்றாகத் தெரியும். கூரையில் நாலு மடங்கு பெரிய ஓடு வேய்ந்துவிட்டான் கணினி! இல்லாத கோலம் முளைப்பது என்பது இதுதான். கட்டம் போட்ட கைத்தறிச் சட்டை, கொசுவலை, பஸ் ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் வரும். போனில் இருக்கிற சில இலவச ஆப்கள் வேகத்துக்காகப் பதினாறில் நாலு பேரை மட்டும் விசாரித்து அரைகுறையாகச் சுருக்குகின்றன. அந்த மாதிரி ஆப்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரேயடியாக நாலில் ஒன்றுக்குத் தாவாமல் பாதி பாதியாகக் குறையுங்கள். நல்ல மென்பொருளில் அந்தப் படிக்கட்டெல்லாம் தேவையில்லை. மூலத்திலிருந்து நேராக ஒரே தாவல்தான் நல்லது.

‘பைக்யூபிக் ஷார்ப்பர்’ என்று ஒன்று இருக்கும், பக்கத்திலேயே சுருக்குவதற்கு என்று எழுதியிருக்கும். சுருக்கும்போதே கொஞ்சம் கூர்மையும் ஏற்றித்தரும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அதைப் போட்டுவிட்டு அதன் மேல் அன்ஷார்ப் மாஸ்க்கையும் ஏற்றினால் படம் மணல் மாதிரி நறநறக்கும். நான் சாதாரண பைக்யூபிக்கில் சுருக்கி, கூர்மையை என் கையால் போடுகிறேன். கிம்ப் வைத்திருப்பவர்கள் கியூபிக் எடுத்துக்கொள்ளலாம். இர்ஃபான்வியூவில் லான்சோஸ் இருக்கிறது, ஹங்கேரியக் கணித அறிஞர் ஒருவரின் பெயர் அது; பழைய கணினியில் மெதுவாக ஓடினாலும் விளிம்பை நன்றாகக் காப்பாற்றும். உண்மையைச் சொன்னால் பைக்யூபிக்குக்கும் லான்சோஸுக்கும் இருக்கிற வித்தியாசத்தை எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடித்ததில்லை. கடைசி ஷார்ப்பென் சரியாக விழுந்ததா என்பதைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஜரிகை மட்டும் தனிக்கதை. கேரளத்துச் செட்டுமுண்டின் கசவு (தங்கக் கரை), பட்டின் பேட்டு, இருட்டுப் பின்னணியில் சரவிளக்கு: இவற்றைச் சுருக்கினால் கூர்மை போவதோடு ஒளியும் இறங்கும். படத்தில் இருக்கிற எண்கள் வெளிச்சத்தின் நேரடி அளவு கிடையாது, கண்ணுக்கேற்ப வளைத்து எழுதியவை. கறுப்பும் வெள்ளையும் சதுரங்கப் பலகை போல மாறி மாறி இருந்தால் எண்களின் சராசரி 128. தூரத்திலிருந்து கண் காணும் வெளிச்சத்துக்குச் சரியான எண் 188. இந்த இடைவெளியில்தான் மெல்லிய தங்க இழை செத்துப்போகிறது. ஃபோட்டோஷாப்பில் 32 பிட்டுக்கு மாற்றிச் சுருக்கிவிட்டுத் திரும்ப வந்தால் கணக்கு சரியாக நடக்கும். எல்லாப் படத்துக்கும் இந்தப் பாடு தேவையில்லை. நகை, ஜரிகை குளோசப் என்றால் மட்டும் நான் மெனக்கெடுவேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கோயில் உள்ளே, மண்டபத்துக்குள்ளே ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி எடுத்த படத்தில் பொரிப்பொரியாக நாய்ஸ் இருக்குமே, 16 புள்ளி ஒன்றாகும்போது அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக அடங்கிவிடும். அதனால் சுருக்கப்போகிற படத்துக்கு முன்கூட்டியே நாய்ஸ் ரிடக்‌ஷனை அள்ளிப் போட்டு முகத்தை மெழுகாக்காதீர்கள்.

சரி, இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகும் படம் மங்கலாகத் தெரிகிறது என்றால், உங்களுக்குப் பின்னால் வேறு யாரோ அதை மறுபடி சுருக்குகிறார்கள் அல்லது பெரிதாக்குகிறார்கள். நீங்கள் கேட்ட கேள்வியில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் வாட்ஸாப்பில் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அது தன் கணக்குக்கு அமுக்கித்தான் அனுப்பும். டாகுமெண்டாக இணைத்து அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போகும். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களை வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் திருப்பி அனுப்பி “இதையே பிரிண்ட் போடுங்கண்ணே” என்றால் நான் படத்தின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

கணினியிலும் ஒரு பொறி. கூர்மையைப் பார்த்து முடிவு செய்வது 100 சதவீதத்தில் மட்டும்தான். 66, 33 என்று ஃபோட்டோஷாப் காட்டுகிற தோற்றத்தை நம்பாதீர்கள். அடுத்து விண்டோஸில் டிஸ்பிளே ஸ்கேல் 125 அல்லது 150 சதவீதம் என்று இருக்கும், முக்கியமாக லேப்டாப்பில். அப்போது ஃபோட்டோஷாப் 100 சதவீதத்தில் பளிச்சென்று காட்டுகிற படத்தையே பிரௌசர் ஒன்றேகால் அல்லது ஒன்றரை மடங்கு ஊதிக் காட்டும். ஒரே படம், ஒரே திரை, ஒன்றில் கூர்மை, ஒன்றில் மங்கல். இதைத் தெரியாமல் ஃபைல் கெட்டுவிட்டது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்த ஆட்கள் உண்டு.

72, 300 என்கிற எண்களைப் பற்றியும் கேட்பீர்கள், அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்கிற கணக்கு அது. திரைக்கு அதற்கு அர்த்தமே இல்லை. ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு 300ஐ 72 ஆக்கிப் பாருங்கள், ஒரு பிக்சல்கூட மாறாது. பிரிண்டில்தான் அது பேசும்: 12க்கு 18 அங்குலத்துக்கு 300 என்றால் 3600க்கு 5400, உங்கள் கேமராப் படத்துக்கு அது சுருக்காமலே போதும். 10 அடி ஃபிளெக்ஸ் போர்டுக்கு 72 வைத்தாலே தாராளம். பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்கள் பூதக்கண்ணாடியோடு வரப்போவதில்லை.

ஆல்பம் டிசைன் செய்கிற பையன்கள் செய்யும் தப்பு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்தில் படத்தை இழுத்துப் போட்டு, சின்னதாக்கி என்டர், “கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்” என்று இழுத்து மறுபடி என்டர். ஒவ்வொரு என்டருக்கும் புள்ளிகள் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. சின்னதாக்கியதில் போனது பெரிதாக்கும்போது திரும்பாது. லேயரை முதலிலேயே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டால் மூலம் உள்ளே பத்திரமாக இருக்கும், எத்தனை முறை இழுத்தாலும் அதிலிருந்தே கணக்குப் போடும்.

சேமிக்கும் இடத்தில் ஜேபெக் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டி அமுக்குகிறது, தரத்தைக் குறைத்தால் விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு வரும். ஷார்ப்பென் அதிகம் போட்ட படத்தில் இன்னும் மொய்க்கும். ஃபோட்டோஷாப்பில் தரத்துக்கு 0 முதல் 12 வரை எண் உண்டு, அதில் 6 அல்லது அதற்குக் கீழே போனால் நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் வைத்துக்கொள்ளும்; 7லிருந்து நிறத்தை முழுதாக விடும். சிவப்பு எழுத்து, சிவப்புக் கரை உள்ள படங்களில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். நான் 9க்குக் கீழே இறங்குவதில்லை. ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிப்பதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது தங்கையின் போட்டோ. கேரள பிஎஸ்சி கேட்பது 150 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரம், 30 கேபிக்குள், அடியில் பெயரும் எடுத்த தேதியும். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்: பெரிய படத்தின் அடியில் அழகாகப் பெயரை டைப் செய்து, பிறகு மொத்தமாகச் சுருக்கியிருப்பீர்கள். மேலே சொன்ன மின்கம்பிக்கு நடந்ததுதான் எழுத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் நடந்திருக்கிறது. முதலில் 3க்கு 4 விகிதத்தில் வெட்டி, 150க்கு 200 ஆகச் சுருக்கி, லேசாக ஷார்ப்பென் போடுங்கள். அதன் பிறகு அடியில் 30 பிக்சல் உயரத்துக்கு வெள்ளைப் பட்டை இட்டு, அந்தச் சின்னப் படத்தின் மேலேயே 11 அல்லது 12 பிக்சல் அளவில் கறுப்பில் டைப் செய்யுங்கள். வளைவு நெளிவு இல்லாத ஏரியல் மாதிரி எழுத்து போதும், ஆன்ட்டி அலையஸ் என்ற இடத்தில் ‘ஷார்ப்’ அல்லது ‘கிரிஸ்ப்’. ஒரு வரியில் இருபது எழுத்துக்கு மேல் அடங்காது, அப்பா பெயரோடு நீளமாக இருந்தால் எழுத்தை ஒரு பிக்சல் குறையுங்கள். எழுத்துக்கு ஷார்ப்பென் வேண்டாம்.

30 கேபி என்றதும் பயந்து தரத்தை 3, 4 என்று இறக்கியிருந்தால் அதுவும் தேவையில்லாத வேலை. 150க்கு 200 என்றால் மொத்தமே 30,000 புள்ளி. ஜேபெக்கில் அமுக்காமல் அப்படியே வைத்தாலே சுமார் 90 கேபிதான். 10ல் சேமித்துப் பாருங்கள், பெரும்பாலும் எல்லைக்குள் நிற்கும், தாண்டினால் 9. இங்கே நம் டிஎன்பிஎஸ்சிக்கு என்றால் கணக்கு வேறு, 20 கேபிக்குக் குறையவும் கூடாது, 50ஐத் தாண்டவும் கூடாது. கேரளத்துக்குச் செய்த படம் 20 கேபியைத் தொடாவிட்டால், அதையே இதற்கும் ஏற்றப் பார்த்தால் சின்ன ஃபைல் என்று திருப்பி அனுப்பிவிடும். மூலப் படத்தைத் திறந்து இன்னொன்று செய்துகொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் அன்று அளவை அவர்களுடைய பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அருவிப் படத்தின் மூல ஃபைல் இன்னும் இருக்கிறதல்லவா? மேலே சொன்ன எண்களில் ஒருமுறை செய்து, வாட்ஸாப்பில் டாகுமெண்டாக அனுப்பி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கைப்பிடிக் கம்பியை மட்டும் பாருங்கள். அப்படியும் மங்கல் என்றால் அப்புறம் லென்ஸைத் துடைத்தீர்களா என்று கேட்கிறேன். ஐந்தருவிச் சாரலில் அதுவும் நடக்கும்.